நார்த் பை நார்த்வெஸ்ட்: அந்த விமானக் காட்சி விடமாட்டேன் என்கிறது

மொட்டைவெயில்:
ஹிட்ச்காக் இயக்கிய இந்தப் படத்தின் கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். எனக்கு அந்த வெட்டவெளி பஸ் நிறுத்தம்தான். சாம்பல் நிற சூட்டில் கதாநாயகன் கேரி கிராண்ட் நிற்கிறார். எதிரே வந்து இறங்கிய ஆள், பயிரே இல்லாத இடத்தில் அந்த விமானம் மருந்து தெளிக்கிறதே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார். அப்புறம் அந்த விமானம் கிராண்டைத் துரத்த ஆரம்பிக்கும் பாருங்கள்! பின்னணி இசை துளிகூடக் கிடையாது, வெறும் எஞ்சின் இரைச்சல். சத்தம் போய்விட்டதோ என்று தம்பி ரிமோட்டை எடுத்தான். விமானம் டேங்கர் லாரியில் மோதி வெடித்த பிறகுதான் இசையமைப்பாளர் ஹெர்மன் வாத்தியத்தையே தொடுகிறார்.

இரண்டாம்ஆட்டம்:
இண்டியானா என்று காட்டினாலும் எடுத்தது கலிஃபோர்னியாவில். அந்தக் காட்சியையே எல்லாரும் பேசுகிறீர்கள். ரஷ்மோர் மலை உணவகத்தில் கதாநாயகி எவா மேரி செயிண்ட் துப்பாக்கியால் சுடுவதற்கு முன்பே, பின்மேஜைப் பையன் காதைப் பொத்திக்கொள்வான். அப்பாவிடம் காட்டினேன். "ஒத்திகையில பயந்திருப்பான், பாவம்" என்றார். இப்போது அந்த இடம் வந்தாலே எனக்குப் பையன் மட்டும்தான் தெரிகிறான்.

கடைசிவரிசை:
இப்படிப் பிழை பொறுக்கினால் படம் எங்கே பார்ப்பது? கிராண்டுக்கு அம்மாவாக வந்த ஜெஸ்ஸி ராய்ஸ் லாண்டிஸ் அவரைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். யாருக்காவது உறுத்தியதா? லிஃப்டில் கொலைகாரர்களைப் பார்த்து, நிஜமாகவே என் பையனைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று அந்த அம்மா கேட்க, லிஃப்டே சிரிக்கும். அவர்களும் சிரிப்பார்கள். எனக்கு அங்கேதான் முதுகு சில்லிட்டது.

பழையபிரதி:
நான் போனில் பார்த்தேன், பாதியில் தூங்கிவிட்டேன். அதனால் சொல்கிறேன், போனில் பார்க்காதீர்கள். விஸ்டாவிஷன் என்ற அகலத்திரை முறையில் எடுத்த படம், அந்த வெட்டவெளி உள்ளங்கையில் அடங்காது. 136 நிமிடம், சாப்பிட்டு முடித்துவிட்டு உட்காருங்கள். டைட்டிலை ஓட்டிவிடாதீர்கள்: டைட்டில் வடிவமைப்பாளர் சால் பாஸ் போட்ட கோடுகள் அப்படியே கட்டடத்தின் கண்ணாடிச் சுவராக மாறும், அது முடியும்போது ஹிட்ச்காக் பஸ்ஸைத் தவறவிடுவார். இடைவேளை விடவேண்டும் என்றால் ரயில் பகுதிக்கு முன்னால் விடுங்கள், நடுவில் வேண்டாம். பிறகு 1963இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' பாருங்கள். அதில் பாண்டைத் துரத்தும் ஹெலிகாப்டர் யாருக்குப் பிறந்தது என்று புரியும். வசனவரியை அணைத்துவிட்டு...

மொட்டைவெயில்:
அண்ணே, பார்ப்பது எப்படி என்று யாரும் கேட்கவில்லையே. சரி, டேங்கர் எரியும்போது வேடிக்கை பார்க்க இறங்கியவரின் பிக்கப் வண்டியை, பின்னால் ஏற்றிய ஃபிரிட்ஜோடு கிராண்ட் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த மனுஷன் பின்னாலேயே ஓடி வருவாரே, அவரைப் பற்றி யாராவது பேசுங்களேன்.