தந்தை பெயர் கட்டத்தில் ஒரு கோடு

என் கணவர் குடும்பம் இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம். எண்பது வயதான மாமியாருக்குத் தன் கொள்ளுத்தாத்தாவின் அப்பா யாரென்று தெரிந்துகொள்ள வேண்டும். தேடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

அங்கே அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. கொள்ளுத்தாத்தா பிறந்தது 1846. சரி, சான்றிதழ் வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்தேன். வந்தது. தந்தை பெயர் கட்டத்தில் வெறும் கோடு.

ஆனால் அவருடைய திருமணச் சான்றிதழில் அப்பா பெயர் இருந்தது, தொழில் விவசாயக் கூலி. அந்தப் பெயரோடு மூன்று மாதம் அலைந்தேன். பிறகுதான் 1851 மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தேன். வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். 1841 கணக்கில் அது கிடையாது. 1851 கணக்கில் சிறுவன் தாத்தா வீட்டில் பேரனாக இருக்கிறான். சான்றிதழில் அப்பா என்று சொல்லியிருந்தது அந்தத் தாத்தாவின் பெயரை! வளர்த்தவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் தேவாலயப் பதிவேடு. 1813 முதல் ஞானஸ்நானத்துக்கு அச்சடித்த படிவம் உண்டு. அதில் பெற்றோர் தொழில் எழுதும் இடத்தில் பாதிரியார் 'மணமாகாத பெண்' என்று எழுதியிருந்தார்.

அந்தப் பெண், அதாவது கொள்ளுத்தாத்தாவின் அம்மா, 1853இல் அதே தேவாலயத்தில் வேறொருவரை மணந்தார். மத்திய அலுவலகத்திலிருந்து வரும் சான்றிதழ் ஒரு நகல்தான், அதில் அவர் கைபட்ட எதுவும் இருக்காது. தேவாலயத்தின் மூலப் பதிவேட்டின் படத்தில்தான் அவர் கையால் போட்ட சிலுவைக்குறி இருக்கிறது, கோணலாக, மை கொஞ்சம் திட்டாக. கையெழுத்துப் போடத் தெரியாதவர் உலகில் விட்டுப்போன ஒரே கைத்தடம் அது. மாமியார் அதை அச்செடுத்து வைத்துக்கொண்டார். தேடுகிறவர்கள் நகலோடு நிறுத்திவிடாதீர்கள், மூலத்தைப் பாருங்கள்.

அப்பா பெயர் இன்னும் கிடைக்கவில்லை. 1844 சட்டத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட தாய் தானே உள்ளூர் நீதிபதிகளிடம் ஜீவனாம்சம் கேட்க முடிந்தது. அடுத்து அந்த ஏடுகளைப் பார்க்கப் போகிறேன். அவற்றில் தேடிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.