பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கூட்ட அறிக்கையில் எதை எழுதுவது?

ஒட்டுசுட்டான் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஊர்ப் பாடசாலையில் தரம் 4, தரம் 7 படிக்கிறார்கள். தரம் 11 வரை உள்ள சின்னப் பாடசாலை. போன மாதம் அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டம் நடந்தது. செயலாளர் பதவிக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா என் பேரைச் சொன்னா, பின்வாங்கிலிலிருந்து யாரோ வழிமொழிந்தார், நான் எழும்பி மாட்டேன் என்று சொல்வதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள். சரி, வந்தது வரட்டும் என்று கூட்டப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வைத்துப் புரட்டினால் எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரி. இறைவணக்கம், தலைமையுரை, "பாடசாலை அபிவிருத்தி தொடர்பாகப் பல விடயங்கள் கலந்துரையாடப்பட்டன", நன்றியுரையுடன் இனிதே நிறைவுற்றது. என்ன கதைத்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள், ஒன்றும் இல்லை. தேத்தண்ணி கொடுத்தவரின் பேர் மட்டும் ஒரு கூட்டத்திலும் தவறவில்லை.

இப்போது முதல் நிர்வாகக் குழுக் கூட்டம் முடிந்து நான் எழுத வேண்டியிருக்கிறது. பாதி நேரம் தண்ணீர்த் தாங்கிச் சண்டையிலேயே போனது. பழைய சீமெந்துத் தாங்கி கசிகிறது. புதிதாக பிளாஸ்ரிக் தாங்கி வாங்குவதென்று பெரும்பான்மையானவர்கள் சொன்னார்கள். இரண்டு தகப்பன்மார் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அதில் ஒருவர் மேசன், "நானே பூசித் தாறன்" என்றார். அதிபர் சேர் என்னிடம், "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று எழுதுங்கோ, வலயக் கல்வி அலுவலகத்துக்குக் காட்ட அதுதான் நல்லது" என்கிறார். அடுத்த கூட்டத்தில் இதை வாசிக்கும்போது அந்த இரண்டு பேரும் முன்னுக்கு இருப்பார்களே, நான் என்ன செய்வது?

அடுத்தது, யானை பின்வேலியை உடைத்துப்போட்டது. வேலிக்கு ஒரு குடும்பம் 1000 ரூபா என்று பேச்சு வந்தது. அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் காசிலும் கூலி வேலையிலும் சீவிக்கிற குடும்பங்கள் இங்கே கனக்க. அப்படிச் சேர்க்கலாமா?

கடைசியாக, கணித சேர் இந்தத் தவணை தொடங்கியதிலிருந்து இல்லை. பழைய செயலாளர் கடிதம் போட்டதாகச் சொல்கிறார், பிரதி ஒன்றும் இல்லை. யாருக்கு எழுத வேண்டும்?


நெடுங்கேணி ஓய்வு அதிபர்:

பிள்ளை, அந்தப் புத்தகத்தை வாசித்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்களே, அதுவே பெரிய விசயம். நான் வேலை செய்த இடங்களில் அதை வாசித்த செயலாளர்கள் குறைவு.

"கலந்துரையாடப்பட்டது" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகக் கூடாது. கதைத்து என்ன முடிவு, எவ்வளவு காசு, யார் பொறுப்பு, எப்போதைக்குள், இந்த நாலும் வேண்டும். உரைகளுக்கு ஒரு வரி போதும். சிலருடைய தலைமையுரைக்கு அந்த ஒரு வரியும் கூட.

தாங்கி விசயத்தை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"விடயம் 4, குடிநீர்த் தாங்கி. பழைய சீமெந்துத் தாங்கி அடிப்பகுதியில் வெடித்துக் கசிகிறது. திருத்துவதா, புதிய 1000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி வாங்குவதா என ஆராயப்பட்டது. வாங்குவதற்கு 9 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. பூசித் திருத்தினால் செலவு குறையும் என்பது எதிர்த்தவர்களின் கருத்து. புதிய தாங்கி வாங்குவதெனத் தீர்மானிக்கப்பட்டது. மூன்று கடைகளில் விலைக்கூற்றுப் பெற்று அடுத்த கூட்டத்தில் சமர்ப்பிப்பது பொருளாளரின் பொறுப்பு."

எண்ணிக்கையை உங்கள் கூட்டத்தில் இருந்தபடி போடுங்கள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பேரும் சேருங்கள். இவ்வளவுதான். சண்டையில் யார் யாரை என்ன சொன்னார் என்பது புத்தகத்துக்குத் தேவையில்லை, எதிர்ப்பு இருந்தது என்பது தேவை. ஒன்பதுக்கு இரண்டு என்றாலும் அது செல்லுபடியாகும் தீர்மானம்தான். வலயத்தில் யாரும் ஏகமனதுக்குத் தனியாகப் புள்ளி போடுவதில்லை. உங்கள் அதிபரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: "சேர், நாளைக்குத் தாங்கி வாங்கினது பற்றி கணக்காய்வில் கேட்டால், இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவெடுத்தோம் என்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு." இதை ஒரு அதிபராக இருந்தவனாகச் சொல்கிறேன். அதிபர் பதவிவழித் தலைவர், இடமாற்றம் வந்தால் போய்விடுவார். புத்தகம் பாடசாலையில் இருக்கும்.

இருக்கும் என்று சொன்னாலும் எங்களுடையது இருக்கவில்லை. நாங்கள் இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து திரும்பி வந்தபோது பாடசாலையில் கூரை இல்லை, கதவு நிலைகூட இல்லை. கட்டடம் கட்டித் தருகிறோம் என்று வந்தவர்கள் முதல் கேட்டது காணி யாருடையது என்று. மைதானத்தின் கிழக்குப் பக்கத்தை ஊர்ப் பெரியவர் ஒருவர் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். காணி உறுதி முடிக்கவில்லை. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கொடுத்தார், அது கூட்டப் புத்தகத்தில் கையொப்பத்தோடு இருந்தது. புத்தகம் 2008 இடப்பெயர்வில் போய்விட்டது. பெரியவரும் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்களுடைய சம்மதக் கடிதம் வந்து சேருமட்டும் காத்திருக்க முடியாமல் கட்டடத்தை மேற்குப் பக்கத்துக்கு மாற்றினோம். மாரியில் தண்ணீர் நிற்கிற பக்கம் அது. இன்றைக்கும் மழைக்குத் தரம் 6 பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறார்கள்.

அதனால் ஒவ்வொரு அறிக்கையும் கையொப்பமானதும் போனில் படம் எடுத்து அதிபருக்கும் பொருளாளருக்கும் அனுப்பிவிடுங்கள். பக்கங்களுக்கு இலக்கம் போடுங்கள், தாள் கிழிக்க வேண்டாம். அறிக்கை பாதிப் பக்கத்தில் முடிந்தால் மிச்சத்துக்குக் குறுக்கே கோடு போடுங்கள். பிழை வந்தால் வெள்ளை பூசாமல் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சிறு கையொப்பம். அன்றிரவே எழுதிவிடுங்கள், இரண்டு நாள் போனால் உங்களுக்குப் பிடித்தவர் சொன்னது மட்டும்தான் நினைவில் நிற்கும்.


மல்லாவிக் கமக்காரன்:

அக்கா, வேலிக் காசு பற்றி மட்டும் சொல்கிறேன். ஆயிரம் ரூபா வேலிக்கெல்லாம் யானை நிற்காது. எங்கள் பக்கம் முள்ளுக்கம்பி அடித்தோம், அது கம்பியையும் கட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. யானைக்கு மின்சார வேலிதான் வேண்டும், அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் வேலை. கிராம அலுவலரைப் பிடித்து, பிரதேச செயலகம் ஊடாகக் கோரிக்கை போடுங்கள். பாடசாலை மட்டும் கேட்பதைவிட கமக்கார அமைப்பையும் சேர்த்துக் கேட்டால் எடுபடும், ஏனென்றால் வயலும் அதே யானைக்குத்தான் போகிறது. மாடு வராமல் இப்போதைக்கு ஒரு வேலி தேவை என்றால் சிரமதானம் வையுங்கள். காசு உள்ளவர் கம்பி வாங்கித் தரட்டும், இல்லாதவர் கிடங்கு கிண்டட்டும்.

ஒன்று மட்டும் செய்ய விடாதீர்கள். யார் காசு தரவில்லை என்ற பட்டியலைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பது. ஒரு பாடசாலையில் அது நடந்தது, எங்கள் ஊரில் இல்லை. அந்தப் பிள்ளை அடுத்த நாளிலிருந்து வரவில்லை.

மற்றது, கூட்டத்தைப் பின்னேரம் 2 மணிக்கு வைத்துவிட்டுத் தகப்பன்மார் வருவதில்லை என்று குறை சொல்கிறார்கள். காலபோக அறுவடைக்கு வெட்டு மெசின் நாங்கள் நினைத்த நேரத்துக்கா வருகிறது? அது வருகிற நேரம் நாங்கள் வயலில் நிற்க வேண்டும். தை, மாசியில் கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் 5 மணிக்கு வையுங்கள், சனம் வரும்.


கந்தோர் மேசை:

நான் ஒரு வலயக் கல்வி அலுவலகத்தில் வேலை செய்கிறேன், எது என்று கேட்க வேண்டாம்.

கணித ஆசிரியர் விசயத்தில் கடிதம் எழுத முதல் ஒரு கேள்விக்குப் பதில் எடுங்கள். அவர் இடமாற்றத்தில் போனாரா, இணைப்பில் போனாரா? இடமாற்றம் என்றால் உங்கள் பாடசாலையில் வெற்றிடம் தெரியும், ஆள் கேட்கலாம். தற்காலிக இணைப்பு என்றால் பேர் உங்கள் ஆளணியில், ஆள் வேறு பாடசாலையில். கணினியில் பார்த்தால் உங்களுக்குக் கணித ஆசிரியர் இருக்கிறார். இருக்கிற இடத்துக்கு ஏன் ஆள் போடுவார்கள்? வன்னியில் பாதிச் சண்டை இதிலிருந்துதான் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற ஆசிரியர்களுக்கு உண்மையான கஷ்டம் உண்டு, அதை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இணைப்பில் போகிறவருக்குப் பதில் ஆள் வந்த பிறகுதான் விடுவிக்க வேண்டும் என்று கேட்பதற்குப் பெற்றோருக்கு முழு நியாயம் இருக்கிறது.

இணைப்பு என்றால் கடிதத்தில் "ஆசிரியர் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "இணைப்பை இரத்துச் செய்யுங்கள் அல்லது பதிலாள் தாருங்கள்" என்று கேளுங்கள். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு முகவரியிட்டு அதிபர் ஊடாக அனுப்புங்கள். பிரதி கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும். உங்களுடையது மாகாணப் பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சுக்கு எழுதிப் பயனில்லை. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணப் பாடசாலைகள் மாகாணத்தின் கீழ். கொழும்புக்குப் போன கடிதம் சுற்றிக்கொண்டு எங்கள் மேசைக்குத்தான் வரும், தவணை முடிந்த பிறகு.

ஒரு கடிதத்தில் ஒரு விசயம். கணித ஆசிரியர், யானை, தாங்கி மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் எந்தக் கோவையில் போடுவது என்று தெரியாமல் மூன்றும் கிடக்கும். நேரில் கொண்டுவந்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். பழைய செயலாளரிடம் இல்லாதது அதுதான். பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம். அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, கணிதத்துக்குப் பேர் உள்ளவர் யார், அவர் இப்போது எங்கே கடமை செய்கிறார் என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எங்கள் கந்தோரில் சாதாரணக் கடிதத்துக்கு இல்லாத வேகம் அந்த விண்ணப்பத்துக்கு உண்டு, அனுபவத்தில் சொல்கிறேன்.

காசு பற்றி: விரும்பித் தருவதை வாங்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. சேர்க்க முதல் வலயத்தின் அனுமதியை எழுத்தில் எடுங்கள். வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு, காசு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு. வகுப்பு ரீச்சரின் லாச்சியில் இருக்கக் கூடாது.


ஒட்டுசுட்டான் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இணைப்புத்தான்! அதிபர் சேரிடம் கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஓம் என்றார். கடிதத்தைத் தானே கையொப்பமிட்டு மேலே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் இது தலையிடிதான் போல, தரம் 10க்கும் 11க்கும் கணிதம் அவரே படிப்பிக்கிறார்.

தாங்கி அறிக்கையை நெடுங்கேணி ஐயா எழுதின மாதிரியே எழுதிக் காட்டினேன். இரண்டு பேரின் எதிர்ப்பைப் பார்த்ததும் முகம் சுருங்கியது, பிறகு கணக்காய்வுக் கதையைச் சொன்னேன், விட்டுவிட்டார். வேலிக்கு ஒரு சனிக்கிழமை சிரமதானம் வைக்க உறுப்பினர்களிடம் கேட்கப் போகிறேன்.

ஐயா, இன்னும் ஒன்று. கூட்டம் முடிகிற நேரத்தில் வந்து வரவில் கையொப்பம் மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது?


நெடுங்கேணி ஓய்வு அதிபர்:

வந்த நேரத்தைப் பேருக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தாங்கிக்கு வாக்கெடுத்தபோது இல்லாதவர் அந்த எண்ணிக்கையில் வரக் கூடாது, அதை மட்டும் பாருங்கள். நேரம் எழுதச் சொன்னால் இரண்டு கூட்டத்தில் பாதிப் பேர் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். மிச்சப் பேர் உங்களோடு கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.