சிப் போட்ட பி28 (ஹோண்டா எஞ்சின் கம்ப்யூட்டர்): செக் எஞ்சின் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது

கேள்வி:
வணக்கம் அண்ணாமார், 1994 ஹோண்டா சிவிக் டிஎக்ஸ் ஹேட்ச்பேக், டொராண்டோ. பழைய டி15பி7 எஞ்சினை இறக்கிவிட்டு டி16இசட்6 ஏற்றியாச்சு, விடெக் (எஞ்சின் வேகமாகச் சுழலும்போது வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் ஏற்பாடு) வேலை செய்ய வேண்டும் என்பதால் பி06 கம்ப்யூட்டருக்குப் பதிலாக வெளிச் சிப் பொருத்த ஏற்கெனவே சாக்கெட் வைத்த பி28 ஒன்றை வாங்கினேன். சிப் எஸ்எஸ்டி 27எஸ்எஃப்512, குரோம் (Crome) என்ற ஹோண்டா டியூனிங் மென்பொருளில் செய்த பேஸ் மேப்பை (எரிபொருள், தீப்பொறி நேரம் சொல்லும் தொடக்க அட்டவணை) தெரிந்த ஒருவர் எழுதித் தந்தார். இப்போது சாவியைத் திருப்பினால் செக் எஞ்சின் விளக்கு எரிந்தபடியே நிற்கிறது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடில் தள்ளாட்டம், மிதித்தால் மூச்சு முட்டுகிறது, விடெக் வரை போகவே மாட்டுது. சர்வீஸ் கனெக்டரை (பிழைக் கோட் படிக்க உதவும் இணைப்பு) ஷார்ட் செய்தும் கோட் எதுவும் மின்னவில்லை. எந்த சென்சாரை மாற்றலாம்?

பதில்:
ஒன்றையும் மாற்றாதே தம்பி. சென்சார் பிழை என்றால் விளக்கு எண்ணி மின்னும், மேப் சென்சாருக்கு (உள்ளிழுக்கும் குழாயின் காற்றழுத்தத்தை அளப்பது) 3, கூலன்ட் வெப்ப சென்சாருக்கு 6 என்று. மின்னாமல் ஒரேயடியாக எரிந்தால் கம்ப்யூட்டர் சிப்பை ஒழுங்காகப் படிக்க முடியாமல் பேக்கப் மோடில், அதாவது வண்டியை எப்படியாவது நகர்த்த மட்டும் உதவும் அவசர நிலையில், ஓடுகிறது. மூடியைத் திறந்து ஜே1 பாலத்தை (வெளிச் சிப்பைப் படிக்கச் சொல்லும் சிறு கம்பி இணைப்பு) கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார், அப்போது அது உள்ளே இருக்கும் ஹோண்டாவின் சொந்த புரோகிராமில் ஓடும். விளக்கு அணைந்தால் கம்ப்யூட்டர் நல்லது, சாக்கெட், 74எச்சி373 லாட்ச் (சிப்புக்கு முகவரியைப் பிடித்துக் கொடுக்கும் ஐசி), சிப் இந்த மூன்றில்தான் கோளாறு.

கேட்டவர்:
ஜே1 எடுத்ததும் விளக்கு அணைந்தது, ஐடிலும் சீர்! சால்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது.

இன்னொருவர்:
அப்படியென்றால் சிப்பை எழுதிய விதத்தைப் பாருங்கள். ஹோண்டா ஃபைல் 32 கேபி, உங்கள் சிப் 64 கேபி. சாக்கெட்டில் 1ஆம் பின் 5 வோல்ட்டில் நிற்பதால் கம்ப்யூட்டர் மேல்பாதியை மட்டுமே படிக்கும். சாதாரண புரோகிராமர் (சிப்பில் எழுதும் கருவி) 0000 முகவரியிலிருந்து, அதாவது கீழ்ப்பாதியில், எழுதிவிடும், ஹோண்டாவுக்கென்றே வரும் ரைட்டர்கள் இதைத் தாமாகவே பார்த்துக்கொள்ளும். சிப்பை அழித்துவிட்டு, ஃபைலை மேல்பாதி தொடங்கும் 8000 (ஹெக்ஸ்) முகவரியிலிருந்து ஏற்றி எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பாதியிலும் ஒரே ஃபைலை எழுதினாலும் சரிதான். பிறகு ஜே1ஐ மறுபடி சால்டர் செய்ய மறக்க வேண்டாம்.

கேட்டவர்:
அதேதான் அண்ணா, 0000இல்தான் எழுதியிருக்கிறார். 8000இல் எழுதிப் போட்டதும் விளக்கு இரண்டு செக்கனில் அணைந்துவிட்டது. நாளைக்கு ஹைவேயில் விடெக் பார்க்கலாமா?

பதில்:
பொறு! பேஸ் மேப் ஸ்டார்ட் செய்து ஓட்டிப்போக மட்டும்தான், அது உன் எஞ்சினுக்கு எழுதியதல்ல. முதலில் எஞ்சினைச் சூடாக்கி, சர்வீஸ் கனெக்டரை ஷார்ட் செய்து, டைமிங் லைட்டில் தீப்பொறி நேரம் 16 டிகிரி வருகிற மாதிரி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வை. இது தவறாக இருந்தால் மேப்பில் எழுதும் எந்த டிகிரிக்கும் அர்த்தமில்லை. பிறகு வைட்பேண்ட் (காற்று-எரிபொருள் விகிதத்தை எண்ணாகவே காட்டும் ஆக்சிஜன் சென்சார்) ஒன்று பூட்டு, பழைய ஆக்சிஜன் சென்சார் அந்த விகிதம் 14.7க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். முழு மிதியில் 12.5 முதல் 13க்குள் நிற்கிறதா பார், 14ஐத் தாண்டினால் உடனே காலை எடு.