மொரீசியஸ் பழந்தின்னி வௌவால்கள்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

மலைச்சரிவு எழுதியது:
பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் ஓரத்தில், வௌவால்கள் பகலில் தங்கும் பள்ளத்தாக்குக்கு எதிர்முகட்டில் மாலைக் கணக்கெடுப்புக்கு அமர்ந்திருந்தோம். ஆளுக்கொரு திசையைப் பிரித்துக்கொண்டு, வெளிச்சம் வற்றும்வரை, கடக்கும் வௌவால் ஒவ்வொன்றுக்கும் எண்ணும் கருவியின் பொத்தானை அழுத்தும் வேலை அது. எதிர்காற்றில் தடுமாறிய ஒரு பெண் வௌவால் என் தலைக்குமேல் ஏறத்தாழ நின்றபடியே கடந்தது. அதன் இறக்கைக் கக்கத்தில் வாய்புதைத்து ஒரு குட்டி தொங்கியது. படிவத்தில் குட்டிக்குத் தனிக் கட்டம் கிடையாது என்பதால் ஒன்று என்றே பதிந்தேன். பழத்தோட்டங்களைக் காப்பதற்கென 2015 இறுதியில் அரசு நடத்திய வௌவால் வேட்டையில் 30,000க்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டது. தாய்கள் குட்டி சுமக்கும் பருவமும் அதுதான். அந்தக் கணக்கில் சேராத குட்டிகள் எத்தனை என்னும் கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

முற்றத்து லிச்சி எழுதியது:
மேலே எழுதியவர் முகட்டிலிருந்து பார்த்திருக்கிறார். நான் மரத்தடியில் நின்று பார்த்தவன். விடியற்காலையில் எங்கள் லிச்சி மரத்தின் கீழ், ஒரே கடியோடு எறியப்பட்ட பழங்களும், சாற்றை உறிஞ்சியபின் உமிழ்ந்த சக்கை உருண்டைகளும் மண் தெரியாமல் கிடந்தன. அந்தச் சக்கை வௌவாலின் கையெழுத்து. அதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. குரங்கும் கிளியும் கொண்டைக்குருவியும் சேர்ந்தே தின்கின்றன என்பதையும், வேட்டைக்குப் பிறகும் எங்களுக்குப் பழம் மிஞ்சவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் குட்டிக்காக இரங்குபவர்கள் விவசாயியின் ஒரு பருவத்து வருமானத்தையும் கணக்கில் சேர்க்கட்டும்.

மேலைக்காற்று எழுதியது:
மொரீசியஸுக்குச் சொந்தமான ரோட்ரிக்ஸ் தீவில், வேறோர் இனமான பொன்னிற வௌவால்கள் உச்சிவெயிலில் தலைகீழாகத் தொங்கியபடி ஓர் இறக்கையால் தமக்கே விசிறிக்கொண்டதைக் கண்டேன். 1970களில் நூறையொட்டிச் சுருங்கியிருந்த இனம் அது. என் அனுபவம் அவ்வளவே; லிச்சி நண்பருக்குத்தான் சில சொல்ல வேண்டும். மரத்தைக் கவாத்து செய்து உயரத்தைக் குறையுங்கள். வலையைக் கிளைமேல் போர்த்தாமல், சட்டம் அமைத்து விறைப்பாகக் கட்டுங்கள். தொளதொளத்த வலையில் வௌவாலும் சிக்கும், பழமும் வலைக்கு வெளியிலிருந்தே கடிபடும்.

மொரீசியஸ் வௌவால்கள் தோட்டத்துக்கு ஏன் வருகின்றன என்பதையும் யாராவது பேச வேண்டாமா? மொரீசியஸ் தீவின் இயற்கைக் காட்டில் நல்ல நிலையில் எஞ்சியிருப்பது சொற்பம். அதையும் வெளியிலிருந்து வந்து பரவிய சீனக் கொய்யாப் புதர் நெருக்குகிறது. டோடோ என்ற பறக்காத பறவையும் ராட்சத ஆமைகளும் அழிந்தபின் பெரிய விதைகளைத் தொலைவுக்குச் சுமக்க வௌவாலை விட்டால் ஆளில்லை. 2018இல் அந்த வௌவாலே அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அது விதையைக் கொண்டுவந்து போட்டாலும் கொய்யாப் புதரின் இருட்டில் நாற்று தேறாது; பன்றியும் மானும் நுழையாதபடி வேலியிட்டுக் களை நீக்கிய இடங்களில்தான் தேறும். வெட்டிய கொய்யா அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்த்துவிடும் என்பதால், பின்பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத மரநடுகைத் திட்டம் எதிலும் சேர வேண்டாம்.