மறு: ‘லிங்கர்’ உரிமத்துக்குத் தமிழில் என்ன? ‘தங்குபிடி’யை முன்வைக்கிறேன்

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விடைத்தாள் திருத்தும் வேலையில் ஒரு வாரம் இந்த இழையைப் படிக்க மட்டுமே முடிந்தது. இன்று சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு: வேலை முடிந்த பிறகும் சிறிது நேரம் எடுத்தவர் பெயரிலேயே நிற்கும் மென்பொருள் உரிமத்துக்கு (‘லிங்கர்’) ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> ‘லைசென்ஸ் எரர்’ என்பதற்கு ‘உரிமப் பிழை’ என்று வைத்தாயிற்று. நிரல் தொகுப்பில் வரும் எல்லாத் தடங்கலுக்கும் அது போதும். இதற்கு மேல் ஏன் இத்தனை மடல்?

போதாது, ஐயா. போதாது என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் பொறுப்பு வகிக்கும் ஆய்வகத்தில் முப்பது கணினிகள். எல்லாவற்றிலும் மேட்லேப் என்ற கணக்கீட்டு, நிரலாக்க மென்பொருள் உண்டு. ஆனால் எழுதிய நிரலை மேட்லேப் இல்லாத கணினியிலும் ஓடும் தனித்தியங்கு நிரலாக மாற்றித்தரும் தொகுப்பிக்கு இரண்டே உரிமங்கள். போன பருவத்தில் ஒரு பிற்பகல், இறுதியாண்டு மாணவி ஒருவர் தம் திட்டப்பணி நிரலைத் தொகுக்க முயன்றார். ‘தொகுப்பி உரிமத்தைச் செக் அவுட் செய்ய (அதாவது எடுக்க) முடியவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. ஆய்வகக் கதவில் முன்பு யாரோ ஒட்டிய தாளில் ‘தொகுப்பி: உரிமப் பிழை, பயன்படுத்த வேண்டாம்’ என்று இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு அவர் என்னிடம் வந்து கேட்டார்: “சார், நான் ஏதாவது திருட்டு மென்பொருளை ஏற்றிவிட்டேனா?” கேட்கும்போது குரல் நடுங்கியது.

அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. உரிமத்திலும் பிழை இல்லை. உரிமங்களைப் பகிர்ந்து கொடுக்கும் உரிமச் சேவையகத்தில், யார் எதை எடுத்திருக்கிறார்கள் என்று காட்டும் எல்எம்ஸ்டாட் கட்டளையை ஓட்டினேன். உரிமம் எடுத்தவர் பெயர், கணினி, எடுத்த நேரம் மூன்றும் திரையில் வந்தன. ஒன்று பத்தொன்பதாம் கணினியில், காலை 11 மணிக்கு எடுத்தது. அங்கே திரை பூட்டிக் கிடந்தது. மேட்லேப் திறந்தபடி இருந்தது. ஆள் விடுதிக்குச் சாப்பிடப் போயிருந்தார். இன்னொன்று ஏழாம் கணினியில். அவர் 2:25க்குத் தொகுக்கத் தொடங்கி, உடனே முடித்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பியே போய்விட்டார். ஆனாலும் உரிமம் அவர் பெயரிலேயே நின்றது. அப்போது மணி 2:40.

இந்த இரண்டாவது நிலைக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். மேட்லேப் சாளரத்துக்கு வெளியிலிருந்து தொகுப்பியை அழைத்து உரிமம் ஒரு முறை எடுக்கப்பட்டால் 30 நிமிடக் கடிகாரம் ஒன்று ஓடத் தொடங்குகிறது. தொகுப்பு வேலை ஒரே நிமிடத்தில் முடிந்தாலும் அந்த 30 நிமிடம் கழியாமல் உரிமம் பொதுக் கையிருப்புக்குத் திரும்பாது. இடையில் அதே ஆள் மறுபடி தொகுத்தால் கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இது கோளாறு அன்று, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மேட்லேப் சாளரத்துக்குள்ளிருந்தே தொகுப்பியை அழைத்திருந்தால் கணக்கு வேறு. அந்த மேட்லேப்பை மூடும்வரை உரிமம் அங்கேயே இருக்கும், ஒரு நாள் ஆனாலும்.

எங்கள் ஊரில் வாடகை சைக்கிள் கடை இருந்த காலம் நினைவுக்கு வருகிறது. அரை மணிக்கு எடுத்த வண்டியைப் பத்தே நிமிடத்தில் திருப்பினாலும் பலகையில் அரை மணிதான் எழுதுவார். சைக்கிள் கடைக்காரராவது வண்டியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். இங்கே வண்டி நிழலில் நின்றுகொண்டிருக்கும், ஆனால் அரை மணி முடியாமல் அடுத்தவர் தொட முடியாது.

இதைத்தான் ஆங்கிலத்தில் லிங்கர் என்கிறார்கள். மேட்லேப்புக்கு மட்டும் உரியதும் அன்று. பல நிறுவனங்களின் மென்பொருள்கள் பயன்படுத்தும் ஃபிளெக்ஸ்நெட் உரிம மேலாண்மையில், நிர்வாகி அமைக்கும் விருப்பக் கோப்பில் இதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. ஆகவே ஒரு சொல் வைத்தால் பல இடங்களில் உதவும்.

இனி, வந்திருக்கும் பரிந்துரைகள்.

> தாமத உரிமம்

தாமத ரயில் என்றால் தாமதமாக வரும் ரயில். தாமத உரிமம் என்றால் தாமதமாகக் கிடைக்கும் உரிமம் என்றே படிப்பார்கள். இங்கே தாமதப்படுவது திரும்புதல்.

> நீட்டிப்பு உரிமம்

அலுவலக வழக்கில் நீட்டிப்பு என்றால் கெடு முடிந்த உரிமத்துக்கு மேலும் ஓராண்டு வாங்குவது. கொள்முதல் பிரிவினர் பணம் கட்டச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

> காலாவதி நேரம்

இதை நான் வன்மையாக மறுக்கிறேன். காலாவதி என்பது மாத்திரை அட்டையிலும் ரொட்டிப் பொட்டலத்திலும் நிலைத்துவிட்ட சொல். உரிமத்தின் நாள் முடிந்துபோவதற்கே அது வேண்டும். அதற்குத் தனிப் பிழை எண்ணும் இருக்கிறது, கழித்தல் 10.

> எச்ச உரிமம்

எனக்குப் பிடித்திருந்தது. வினையெச்சம், பெயரெச்சம் என்று முடியாமல் நிற்பதைக் குறிக்கும் சொல். ஆனால் ‘எச்ச உரிமம் இரண்டு’ என்று எழுதினால் மீதம் இரண்டு இருக்கிறது என்று ஆகிவிடும். உண்மைக்கு நேர் எதிர். அதனால் கைவிட்டேன்.

என் பரிந்துரை: தங்குபிடி. தங்கும் பிடி. வேலை முடிந்த பிறகும் விலகாமல் தங்கியிருக்கும் பிடி. இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. தங்கிய பிடி, தங்குகின்ற பிடி, தங்கும் பிடி. 2:25க்குத் தொடங்கி இப்போதும் இருந்து 2:55 வரை இருக்கப்போகும் ஒன்றைக் குறிக்க, காலம் கரந்த பெயரைவிடப் பொருத்தமான அமைப்பு எது? வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘தங்குப்பிடி’ என்று ஒற்று சேர்க்க வேண்டாம். நேற்று இதைத் தனி மடலில் சொன்னபோது அப்படித்தான் திருத்தி அனுப்பியிருந்தார் ஒரு நண்பர்.

புழங்கிப் பாருங்கள். ‘உரிமம் தங்குபிடியில் இருக்கிறது.’ ‘தங்குபிடி நேரம் 30 நிமிடம்.’ ‘பிடி விட்டதா?’ கடைசி வாக்கியம் எந்தப் பயிற்சியும் இல்லாமல் வாயில் வருகிறது. என்னைப் பொறுத்தவரை ஒரு கலைச்சொல்லுக்கு அதுவே பெரிய தகுதி.

> ‘உரிமம்’ என்பதே இலங்கையில் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. நாங்கள் அனுமதிப்பத்திரம் என்போம். அதையும் கணக்கில் எடுங்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வது சரி. இங்கே ஓட்டுநர் உரிமம், அங்கே சாரதி அனுமதிப்பத்திரம். ஆனால் பத்திரம் என்றால் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. இங்கே கைமாறுவது தாள் அன்று, ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போகும் ஓர் இடம். தங்குபிடி இரண்டோடும் ஒட்டும் என்பதால் இந்த வேறுபாட்டை இன்றே தீர்க்க வேண்டியதில்லை.

‘செக் அவுட்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிழைச் செய்தியின் முதல் தமிழ் வரைவில் அது ‘வெளியேற்ற முடியவில்லை’ என்று வந்திருக்கிறது. விடுதி அறையைக் காலி செய்வதை நினைத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். இது நூலகத்தில் புத்தகம் எடுப்பது போன்றது. எடுத்தல், திருப்புதல் என்ற வீட்டுச் சொற்களே போதும். ‘இரவல்’ வேண்டாம், மடிக்கணினியில் உரிமத்தைச் சில நாட்களுக்கு வலையமைப்புக்கு வெளியே கொண்டுபோகும் வசதிக்கு அந்தச் சொல்லை ஒதுக்கி வைக்க வேண்டும்.

உரிமப் பிழை என்ற ஒற்றைப் பெயரையும் பிரித்துவிடுவோம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஏனென்றால் தீர்வு வேறு வேறு. பிழை எண் கழித்தல் 4 வந்தால் இருக்கும் உரிமங்கள் எல்லாம் பிறர் கையில் என்று பொருள். தண்ணீர்த் தட்டுப்பாடு போல இது உரிமத் தட்டுப்பாடு. காத்திருந்தால் கிடைக்கும், அல்லது யாருடைய தங்குபிடி என்று பார்க்கலாம். கழித்தல் 5 வந்தால் அந்த மென்பொருளோ அதன் கூடுதல் தொகுதியான கருவிப்பெட்டியோ உரிமக் கோப்பிலேயே காணவில்லை, உரிமமின்மை எனலாம். நாள் முழுக்கக் காத்திருந்தாலும் வராது, நிர்வாகியைத்தான் பார்க்க வேண்டும். கழித்தல் 15 என்றால் சேவையகத்தையே எட்ட முடியவில்லை. வலைக் கம்பியையும் தீயரணையும் (ஃபயர்வால்) பாருங்கள்.

இன்னொரு குழப்பம் தொகுத்த பிறகு வருவது. மாணவர்கள் தொகுத்த நிரலை வீட்டுக் கணினிக்குக் கொண்டுபோகிறார்கள். ஓடவில்லை. ‘வீட்டில் உரிமம் இல்லையே, அதனால்தான்’ என்கிறார்கள். இல்லை. தொகுத்த நிரல் ஓடும் இடத்தில் மேட்லேப் உரிமம் எதையும் கேட்காது. அதற்குத் தேவை மேட்லேப் இயக்கச்சூழல் (ரன்டைம்), அது இலவசம். ஆனால் தொகுத்த பதிப்பும் இயக்கச்சூழலின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். 2019ஆம் ஆண்டின் ‘பி’ வெளியீட்டில் தொகுத்தால் 9.7 இயக்கச்சூழல்தான் வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் சறுக்கல். இதைப் பதிப்புப் பிணக்கு என்று எழுதுவோம். ‘தனித்தியங்கு நிரல்’ என்ற சொல்லும் கொஞ்சம் மிகைதான், இயக்கச்சூழல் இல்லாமல் அது நகராது. ஆனாலும் அந்தச் சொல் வேரூன்றிவிட்டது, இருக்கட்டும்.

அந்த மாணவிக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டிருந்தார். விடுதிக்குப் போனவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் வேலையைச் சேமித்து வைத்திருப்பதை உறுதி செய்துகொண்டு, பத்தொன்பதாம் கணினியில் மேட்லேப்பை மூடச் செய்தோம். பிடி விட்டது. அடுத்த முயற்சியிலேயே தொகுப்பு தொடங்கியது.

பழைய தாளைக் கிழித்துவிட்டுக் கதவில் இப்போது இதை ஒட்டியிருக்கிறேன். சொற்களில் திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், மாற்றி அச்சிடுகிறேன்:

“தொகுப்பி உரிமங்கள் இரண்டு. எடுக்கக் கிடைக்கவில்லை என்றால் இரண்டும் பிறர் கையில் உள்ளன. உங்கள் நிரலில் பிழை இல்லை. தொகுத்து முடித்தாலும், எடுத்ததிலிருந்து 30 நிமிடம் கழியும்வரை உரிமம் தங்குபிடியில் இருக்கும். மேட்லேப்புக்குள்ளிருந்து தொகுத்தவர்கள், முடிந்ததும் மேட்லேப்பை மூடிவிட்டுச் செல்லவும். அவசரம் என்றால் யார் கையில் உள்ளது என்று ஆய்வக மேசையில் கேட்கவும்.”

அன்புடன்.