புதுப்பிப்பு: மகளுக்கு வேர்க்கடலை கொடுக்கத் தொடங்கிவிட்டோம்

கடுமையான கரப்பான் (எக்ஸிமா எனும் தோல் அழற்சி) உள்ள என் ஏழு மாத மகளுக்கு, ஒவ்வாமை வருமோ என்ற பயத்தில், வேர்க்கடலையை மூன்று வயது வரை தள்ளிப்போடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். தள்ளிப்போடவில்லை. லண்டனில் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான லீப் ஆய்வில், ஒரு வயது நிரம்பும் முன்பிருந்தே வேர்க்கடலை உண்டவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கும், தவிர்த்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்ததை மருத்துவர் விளக்கினார். தோல் பரிசோதனையில் எதிர்வினை இல்லையென்று உறுதியான பிறகு, அவருடைய அறையிலேயே, வெந்நீரில் நீர்க்கக் கரைத்த வேர்க்கடலை விழுதைக் கரண்டி நுனியில் தொட்டுக் கொடுத்துவிட்டு, அவள் உதட்டையும் கழுத்தையுமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். தடிப்பு எதுவும் எழவில்லை. தொடர்ந்து உண்பதுதான் முக்கியம் என்பதால், இப்போது வாரம் மூன்று முறை கேழ்வரகுக் கூழில் கலந்து கொடுக்கிறோம். முழுக்கடலை மட்டும் இப்போதைக்குக் கிடையாது, மூச்சுக்குழாயில் சிக்கிவிடும்.