அம்மா கழுத்துல நெறி கட்டியிருக்கு, என்சைம் மாத்திரை கொடுக்கலாமா?

பிறை மாலா:
அம்மாவுக்கு 61 வயசு. இடது தாடைக்குக் கீழே நெறி கட்டி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. வலி இல்ல, காய்ச்சல் இல்ல. கோயில்ல பழக்கமான அக்கா ஒருத்தங்க செராபெப்டேஸ், ப்ரோமெலைன் ரெண்டும் கலந்த என்சைம் போத்தல் கொண்டு வந்து, ரெண்டு மாசம் சாப்பிட்டா கரைஞ்சிடும்னு சொல்றாங்க. போத்தல் 180 வெள்ளி (ரிங்கிட்). இதுக்கு ஆதாரம் இருக்கா?

பட்டர்வொர்த் குமார்:
எனக்குக் கடவாய்ப்பல் பிடுங்கினப்ப டாக்டரே செராபெப்டேஸ் கொடுத்தாரு, வீக்கம் வத்திடுச்சு. கொடுத்துப் பாருங்க, கெடுதல் இல்ல.

ஜெலுத்தோங் சாந்தி, பார்மசிஸ்ட்:
மாலா, தயவுசெஞ்சு வாங்காதீங்க. குமார் அண்ணே சொல்ற பல் வீக்கத்துக்குச் சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு, பலன் தெரிஞ்சதும் உண்டு, தெரியாததும் உண்டு. அந்த வீக்கம் சும்மா இருந்தாலே சில நாள்ல வத்தும். நெறியைக் கரைக்கும்னு நிரூபிச்ச ஒழுங்கான ஆய்வு கிடையாது. ஜப்பான்ல டாக்கேடா கம்பெனி இதே செராபெப்டேஸைப் பல வருஷம் வித்துச்சு. மருந்தில்லாத மாத்திரையோட ஒப்பிட்டுச் சோதிச்சப்ப வித்தியாசம் தெரியல, 2011-ல அவங்களே எடுத்துட்டாங்க.

போத்தல்ல மால் (MAL) நம்பர், அதாவது மலேசிய அரசாங்கத்தோட மருந்துப் பதிவு எண், இருக்குன்னு காட்டுவாங்க. அது 'N'-னு ஆங்கில எழுத்துல முடிஞ்சா சத்து மாத்திரை, அவ்வளவுதான். நோயைக் குணப்படுத்தும்னு சொல்லி விக்கக் கூடாது.

எனக்குப் பயம் அந்த ரெண்டு மாசத்தைப் பத்தித்தான். வலியில்லாம இவ்வளவு நாள் நிக்கிற நெறின்னா காசநோயை நினைக்கணும். இருமலே இல்லாம கழுத்துல மட்டும் வரும், ஆறு மாச மருந்துல குணமாகும். அம்மா வெத்தலை பாக்கு போடுவாங்களா? மலேசியாவுல வாய்ப்புற்றுநோய் நம்ம இந்தியர்களுக்குத்தான் அதிகம். அதுவும் தாடைக்குக் கீழே நெறியா வரலாம். டார்ச் அடிச்சு நாக்குக்கு அடியில, கன்னத்துக்கு உள்ளே ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கான்னு பாருங்க. விரலால தள்ளினா நெறி நகருதா? எடை குறைஞ்சிருக்கா? எதுவா இருந்தாலும் அரசாங்க கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்க, செலவு அதிகமில்ல. நெறியில ஊசி வச்சுக் கொஞ்சம் எடுத்துச் சோதிச்சுப் பார்த்தாத்தான் என்னன்னு தெரியும்.

பிறை மாலா:
நகரல அக்கா. ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. வெத்தலை தினமும் போடுவாங்க. இருதய வால்வுக்கு, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை வேற சாப்பிடுறாங்க.

ஜெலுத்தோங் சாந்தி, பார்மசிஸ்ட்:
அப்போ நாளைக்குக் காலையிலேயே போங்க, நகராத நெறின்னு முதல்லயே சொல்லிடுங்க. வார்ஃபரினோட ப்ரோமெலைன் சேர்ந்தா ரத்தக் கசிவு கூடலாம், அந்தப் போத்தலைத் திறக்கவே வேணாம். ஊசி எடுக்கிறதுக்கு முன்னாடி வார்ஃபரின் புத்தகத்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, நீங்களா மருந்தை நிறுத்திடாதீங்க. குமார் அண்ணே, 'கெடுதல் இல்ல'ன்னு போட்டதை மாத்திடுங்க, வேற யாராவது படிச்சிட்டு வாங்கிடப் போறாங்க.